பிளாட்பாரம் டிக்கெட்டில் மின்சார ரயில் ஏறலாமா? கூடாது

"தாம்பரம் ஸ்டேஷனில் கூட்டமா? 10 ரூபாய்க்கு பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து ஏறிவிடுங்கள், அபராதம் கிடையாது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

அந்தச் சீட்டு 2 மணி நேரம் நடைமேடையில் நிற்க மட்டுமே. அதை மட்டும் வைத்துக்கொண்டு ரயிலில் ஏறினால் டிக்கெட் இல்லாத பயணம்தான். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 138ஆவது பிரிவுப்படி கட்டணமும், அதற்கு மேல் குறைந்தது 250 ரூபாயும் கட்ட வேண்டும்.

குழப்பம் எங்கிருந்து வந்தது? எந்த ஸ்டேஷனில் ஏறினீர்கள் என்பதற்கு அந்தச் சீட்டு சாட்சியாகும். கட்டணத்தை அங்கிருந்து கணக்கிடுவார்கள். அவ்வளவுதான், அபராதம் நீங்காது. இதை நம்பி ஏறும் கல்லூரிப் பிள்ளைகளை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால், மின்சார ரயிலின் குறைந்தபட்சக் கட்டணமே 5 ரூபாய்தான்!

கவுன்ட்டரில் வரிசை நீண்டால் தானியங்கி எந்திரத்திலோ ரயில்வே செயலியிலோ டிக்கெட் எடுக்கலாம். சந்தேகமா? ரயில்வே உதவி எண் 139க்கு அழைத்துக் கேளுங்கள். அந்தத் தகவலை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பிய குழுவில் இந்த விளக்கத்தைப் போடுங்கள்.