புறநகர்ப் பேருந்துகள் மாறும்போது நடைகளை யார் எண்ணுகிறார்கள்?

புறநகர் நகரம் ஒன்றின் பேருந்து நிர்வாகம் புது வண்டிகளை வாங்கும்போது, அறிவிப்பில் முதலில் வருவது வண்டிகளின் எண்ணிக்கை. அடுத்து, அவை ஹைபிரிடா (டீசலும் மின்சாரமும் சேர்ந்ததா), இயற்கை எரிவாயுவா, மின்சாரமா என்ற விவரம் வரும். அந்த வண்டிகள் வந்து சேர்ந்த பிறகு காலையில் பணிமனையிலிருந்து கிளம்பும் நடைகள், அதாவது வண்டிகள் தடத்தில் ஓடும் தடவைகள், கூடுமா, குறையுமா என்பது பெரும்பாலும் சொல்லப்படுவதே இல்லை. பேருந்தையே நம்பிப் போய்வருகிறவர்களில் நானும் ஒருவர் என்பதால், வண்டி மாற்றம் பற்றிய எந்தச் செய்தியைப் படித்தாலும் நான் தேடுவது இந்த ஒரு விவரத்தைத்தான். பழைய வண்டிகள் போய்ப் புது வண்டிகள் வருவதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் அந்த மாற்றத்தை அளக்க வேண்டிய கோல், அட்டவணையில் உள்ள நடைகளில் எத்தனை உண்மையில் ஓடின என்பதுதான்.

மாநகரின் நடுப்பகுதிக்கும் புறநகருக்கும் உள்ள வேறுபாடு இந்த இடத்தில்தான் தெரியவரும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வண்டி ஓடும் தடத்தில் ஒரு வண்டி பழுதாகி நின்றால், அடுத்த வண்டியில் கூட்டம் கொஞ்சம் நெரியும், அவ்வளவுதான். புறநகரில் பல தடங்கள் மணிக்கு ஒரு முறைதான் ஓடுகின்றன. அவற்றில் பல ஒற்றை வண்டித் தடங்கள்: ஒரே பேருந்து 50 அல்லது 55 நிமிடத்தில் சுற்றி வந்து, சில நிமிடம் நின்று, மறுபடியும் கிளம்பும். அந்த ஒரு வண்டி காலையில் கிளம்பவில்லை என்றால் அந்தத் தடமே இல்லை என்று பொருள். நிறுத்தத்தில் நிற்பவர் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதற்குள் ரயில் நிலையத்தில் பிடிக்க வேண்டிய இணைப்பும் போய்விடும். எனவே புறநகர் நிர்வாகத்துக்கு வண்டி வாங்குவதில் முதல் தகுதி நம்பகம். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான் என்பது என் உறுதியான கருத்து.

நம்பகம் என்பது நல்ல வண்டியை வாங்குவதோடு முடிந்துவிடுவதில்லை, எப்போது வாங்குகிறோம் என்பதையும் பொறுத்தது. அமெரிக்காவில் கூட்டரசு நிதியில் வாங்கப்படும் முழு அளவுப் பேருந்துக்குக் குறைந்தபட்சப் பயன்பாட்டுக் காலம் 12 ஆண்டுகள் அல்லது 5,00,000 மைல் என்று விதி வைத்திருக்கிறார்கள். நிதி கிடைத்த ஆண்டில் மொத்தமாக வாங்கிவிட்டுப் பிறகு பல ஆண்டுகள் சும்மா இருக்கும் நகரத்தில், அந்த வண்டிகள் எல்லாம் ஒன்றாகவே மூப்படைகின்றன. முதல் சில ஆண்டுகள் எல்லாம் புதிதாக இருக்கும், பழுது குறைவாக இருக்கும், மாற்று வண்டிகளையும் பழுது பார்ப்பவர்களையும் குறைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். பத்தாம் ஆண்டைத் தாண்டியதும் இயந்திரம், கியர்பெட்டி, அடிச்சட்டத்துத் துரு என்று எல்லாப் பழுதுகளும் வண்டி வண்டியாக ஒரே நேரத்தில் வந்து நிற்கும். அப்போது பணிமனையில் இடமும் போதாது, ஆளும் போதாது. ஆண்டுதோறும் மொத்த வண்டிகளில் பன்னிரண்டில் ஒரு பங்கை மாற்றிக்கொண்டே வருவது செய்தியாகாது, நாடா வெட்டும் விழாவுக்கும் வாய்ப்பளிக்காது. ஆனால் எந்த ஆண்டிலும் நடைகள் விழாமல் காப்பது அந்த முறைதான். பத்தாண்டுக்கு ஒரு முறை வரும் பெரிய அறிவிப்பைவிட, ஆண்டுதோறும் சத்தமில்லாமல் வரும் சிறு தொகுதியையே நான் விரும்புவேன்.

மாற்று வண்டிகளைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் 50 அல்லது அதற்கு மேற்பட்ட வண்டிகளை ஓட்டும் நிர்வாகங்களுக்கு, உச்ச நேரத்தில் தேவைப்படும் வண்டிகளில் 20 விழுக்காடு வரை கூடுதலாக வைத்துக்கொள்ளலாம் என்பது வழிகாட்டு அளவு. கணக்குத் தாளில் இந்த 20 விழுக்காடு வீணாக நிற்கும் சொத்தாகத் தெரியும். பணிமனைக்குள் அதன் பொருள் வேறு: சில வண்டிகள் பராமரிப்பில் இருக்கும், சில உதிரி பாகத்துக்காகக் காத்திருக்கும், மிஞ்சிய இரண்டு மூன்றுதான் அதிகாலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டிக்குப் பதிலாகக் கிளம்பக்கூடியவை. வண்டி வகைகள் பெருகப் பெருக இந்த மிச்சமும் சுருங்கிவிடும். நீள வண்டிக்குப் பதில் குட்டை வண்டி போக முடியாது. சார்ஜ் ஏற்றும் வசதியுள்ள தடத்துக்கு ஒதுக்கிய வண்டி வேறு தடத்துக்கு ஒத்துவராது. ஒரு வகைக்குப் பயிற்சி பெற்ற ஓட்டுநரும் அன்று வேறு வண்டியில் இருக்கலாம்.

வாசலில் படிகள் இல்லாமல் தரை தாழ்ந்திருக்கும் தாழ்தளப் பேருந்து வந்ததைத்தான் கடந்த நாற்பது ஆண்டுகளில் பேருந்தில் நடந்த மிகப் பெரிய முன்னேற்றமாக நான் கருதுகிறேன். மின்சாரப் பேருந்தைக்கூட அதற்கு அடுத்த இடத்தில்தான் வைப்பேன். அமெரிக்காவில் 1990-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்குப் பிறகு வாங்கப்பட்ட புதுப் பேருந்துகள் எல்லாம் சக்கர நாற்காலி ஏறக்கூடியவையாக இருக்க வேண்டியதாயிற்று. தொடக்கத்தில் படிகளே மேடையாக மாறித் தூக்கும் இயந்திரங்களைப் பொருத்தினார்கள். குளிரிலும் புழுதியிலும் அவை நடுவழியில் சிக்கிக்கொண்டன. தாழ்தளம் அந்தத் தொல்லையைத் தீர்த்தது. பிரிட்டனில் முழு அளவு ஒற்றைத்தளப் பேருந்துகள் 2016 ஜனவரி 1-க்குள்ளும் இரட்டைத்தளப் பேருந்துகள் 2017 ஜனவரி 1-க்குள்ளும் அணுகல் விதிகளுக்கு உட்பட வேண்டும் என்று கெடு வைத்தார்கள். கெடு இருந்ததால் வேலை நடந்தது.

ஆனால் தாழ்தள வண்டி அதன் முழுப் பயனையும் தருவது உயர்த்திக் கட்டிய நடைமேடை உள்ள இடத்தில்தான். புறநகரில் எத்தனையோ நிறுத்தங்கள் வெறும் கம்பமும் பலகையும் மட்டுமே. காலுக்குக் கீழே புல்லோ மண்ணோ இருக்கும். வண்டி வந்து நிற்கிறது, காற்று சீறி வெளியேற முன்பக்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்து தாழ்கிறது, ஓட்டுநர் சாய்பலகையை விரிக்கிறார். நடைமேடை இருந்தால் அந்தப் பலகை ஏறக்குறையச் சமமாகப் படியும். மண் தரையானால் அது செங்குத்தாக இறங்கி, அதன் விளிம்பு ஈர மண்ணுக்குள் புதையும். சக்கர நாற்காலியின் சிறிய முன் சக்கரங்கள் அந்த விளிம்பிலேயே முட்டி நின்றுவிடும். பின்னாலிருந்து ஒருவர் தள்ளினால்தான் ஏறும். யாருடைய உதவியும் இல்லாமல் ஏறுவதற்காக வடிவமைத்த வண்டி, உதவிக்கு ஆள் தேட வைக்கிறது. வண்டிக்கு ஒதுக்கிய பணத்தில் சிறு பங்கை நிறுத்தங்களுக்கும் ஒதுக்கினால் இந்த அவலம் வராது. வண்டி ஒரு துறையின் பொறுப்பிலும் சாலை ஓரம் வேறொரு துறையின் பொறுப்பிலும் இருப்பதால்தான் இது நடப்பதில்லை.

தாழ்தளத்துக்கு ஒரு விலையும் உண்டு. தரை தாழும்போது சக்கரங்கள் பயணிகள் பகுதிக்குள் பெட்டிபோல் மேலே எழுகின்றன. அவற்றின் மேல் இருக்கை வைத்தால் ஏறி உட்கார வேண்டும், வைக்காவிட்டால் இடம் போகிறது. எப்படிப் பார்த்தாலும் அதே நீளமுள்ள உயர்தள வண்டியைவிட இருக்கைகள் குறைவுதான். பத்து நிமிடப் பயணத்தில் நின்றுகொண்டே போய்விடலாம். முக்கால் மணி நேரம் விரைவுச்சாலையில் போகும் புறநகர்ப் பயணத்தில் இருக்கை என்பது அடிப்படைத் தேவை. நடுப்பகுதிக்கென்று வடிவமைத்த வண்டியை அப்படியே புறநகருக்கும் வாங்காமல், தடத்தின் நீளத்தைப் பார்த்து இருக்கை அமைப்பைக் கேட்டு வாங்க வேண்டும். உற்பத்தியாளர்கள் கேட்பதைச் செய்து தருவார்கள், கேட்கத்தான் வேண்டும்.

எரிபொருள் விஷயத்திலும் இதே தவறு திரும்ப நடக்கிறது. ஹைபிரிட் பேருந்து பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலைச் சேமித்து, மறுபடி கிளம்பும்போது பயன்படுத்துகிறது. ஆகவே அடிக்கடி நின்று கிளம்பும் நெரிசல் தடத்தில் அதன் சிக்கனம் நன்றாகத் தெரியும். நிறுத்தங்கள் தள்ளித் தள்ளி இருக்கும் விரைவுத் தடத்தில் பிரேக்குக்கே வேலை குறைவு என்பதால் சிக்கனமும் குறைந்துவிடும். இரண்டு வகைத் தடங்களும் உள்ள நகரம் எந்த வண்டியை எந்தத் தடத்தில் விடுவது என்பதில் கண்டிப்பாக இருந்தால், புதிதாக எதையும் வாங்காமலேயே டீசலை மிச்சப்படுத்தலாம்.

மின்சாரப் பேருந்துகள் வந்தே தீரும், வரவும் வேண்டும். டீசல் புகையை முகத்தில் வாங்கிக்கொண்டு நிறுத்தத்தில் நிற்பவர்கள் பேருந்துப் பயணிகள்தான் என்பதால், இதில் மற்ற எவரையும்விட எங்களுக்கே அக்கறை அதிகம். சீனாவின் ஷென்ஜென் நகரம் 2017 இறுதிக்குள் 16,000-க்கும் மேற்பட்ட தன் பேருந்துகள் அனைத்தையும் மின்சாரத்துக்கு மாற்றிக் காட்டியது. கலிபோர்னியாவில் 2018-இல் கொண்டுவந்த விதியின்படி, 2029 முதல் பொதுப் போக்குவரத்து நிர்வாகங்கள் வாங்கும் புதுப் பேருந்துகள் எல்லாம் புகையற்றவையாக இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் புது நகரப் பேருந்துகளுக்கு 2035-ஐ எல்லையாக வைத்திருக்கிறது. இலக்கில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் புறநகர் வண்டியின் நாள் நீளமானது. சராசரியாக மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் 16 மணி நேரம் ஓடும் வண்டி 400 கிலோமீட்டர் போகிறது. குளிர்நாட்டில் வெப்பமூட்டியும் வெயில் நாட்டில் ஏசியும் அதே பேட்டரியிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. ஒரே சார்ஜில் முழு நாளும் ஓடாத வண்டியை நண்பகலில் பணிமனைக்கு அழைத்தால், அதன் இடத்தை நிரப்ப இன்னொரு வண்டியும் ஓட்டுநரும் வேண்டும். வழியிலேயே சார்ஜ் ஏற்றலாம் என்றால், 55 நிமிடத்தில் சுற்றிவரும் ஒற்றை வண்டித் தடத்தில் மிஞ்சுவது ஐந்தே நிமிடம். சார்ஜுக்குப் பத்து நிமிடம் தேவைப்பட்டால் மணிக்கு ஒரு வண்டி என்ற அட்டவணை உடைந்துபோகும். ஒரு பழைய வண்டிக்கு ஒரு புது வண்டி என்று சமமாக மாற்றிவிட்டு இந்தக் கணக்கைப் போடாத நகரத்தில் நடைகள்தான் வெட்டப்படுகின்றன.

லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தின் கிழக்குப் புறநகர்களில் ஓடும் ஃபுட்ஹில் டிரான்சிட்டின் அனுபவம், புறநகர் நிர்வாகங்கள் ஒவ்வொன்றும் படிக்க வேண்டிய பாடம். 2010-லேயே புரோட்டெரா நிறுவனத்தின் மின்சாரப் பேருந்துகளைத் துணிந்து வாங்கி, பொமோனா நிலையத்தில் தலைக்கு மேல் சார்ஜர் அமைத்து, வண்டி நிற்கும் சில நிமிடங்களிலேயே மின்னேற்றி ஓட்டிக் காட்டினார்கள். முன்னோடிகள் என்ற வகையில் அவர்கள் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. பின்னர் நீண்ட தடங்களுக்காக ஹைட்ரஜனிலிருந்து வண்டிக்குள்ளேயே மின்சாரம் எடுக்கும் எரிகலப் பேருந்துகளையும் வாங்கினார்கள். புரோட்டெராவோ 2023 ஆகஸ்டில் திவால் பாதுகாப்பு கோரியது. அந்த நிறுவனத்தின் பேருந்தை வாங்கியிருந்த ஒவ்வொரு நகரத்துக்கும், வண்டிக்கு எத்தனை வயது என்பதைவிட, பழுதானால் பாகம் யார் தருவார் என்பதே பெரிய கவலையாகிவிட்டது.

இது மின்சார வண்டிகளுக்கு மட்டும் உரிய ஆபத்து அல்ல. வட அமெரிக்க நகரங்கள் பலவற்றில் ஓடிய ஓரியன் பேருந்துகளின் உற்பத்தியை நிறுத்துவதாக அவற்றைத் தயாரித்த டைம்லர் நிறுவனம் 2012-இல் அறிவித்தது. பன்னிரண்டு ஆண்டு ஓட வேண்டிய வண்டியை வாங்குகிறவர், அதைச் செய்தவர் பன்னிரண்டு ஆண்டு நிலைத்திருப்பாரா என்பதையும் பார்த்தாக வேண்டும். பெரிய மாநகரம் தன் பட்டறையிலேயே பாகம் செய்துகொள்ளும், நூறு பழைய வண்டிகளைக் கழற்றி உதிரி எடுத்துக்கொள்ளும். அறுபது, எழுபது வண்டி வைத்திருக்கும் புறநகருக்கு அந்த வலு கிடையாது. அருகிலுள்ள நான்கைந்து நகரங்கள் சேர்ந்து ஒரே வகை வண்டிக்கு ஆர்டர் கொடுத்து, உதிரி பாகங்களையும் பொதுவில் வைத்துக்கொண்டால் ஒன்றுக்கொன்று தாங்கலாக இருக்கும். வண்டியின் வண்ணமும் பெயரும் அவரவர் விருப்பப்படி இருக்கட்டும். சக்கர அச்சும் கதவு மோட்டாரும் ஒன்றாக இருந்தால் போதும்.

பழுது பார்ப்பவர்களை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். டீசல் இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே கோளாறைச் சொல்லக்கூடியவருக்கும், பல நூறு வோல்ட் பாயும் மின்தொகுதியைத் தொடத் தனிப் பயிற்சியும் காப்புக் கையுறையும் கூரைமீது நின்று வேலை செய்யும் மேடையும் வேண்டும். புது வண்டிகளின் முதல் தொகுதி வந்து இறங்கிய பிறகுதான் அவரைப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள் என்றால், அந்த மாதங்களில் வண்டிகள் புதிதாகவே, நகராமல், பணிமனையில் நிற்கும். பணிமனையின் மின் இணைப்பும் அப்படித்தான். ஐம்பது வண்டிகளுக்கு ஒரே நேரத்தில் தலா 100 கிலோவாட் கொடுத்தால் 5 மெகாவாட் வேண்டும்; அந்த அளவுக்கு இணைப்பு கேட்டு, துணைமின் நிலையம் அமைத்து முடிக்கும் காலம், பேருந்து செய்து முடிக்கும் காலத்தைவிட நீளமாகவும் இருக்கலாம். எனவே முதலில் மின் இணைப்பு, அடுத்து பயிற்சி, அதன் பிறகே வண்டி என்ற வரிசை மாறக் கூடாது.

புறநகர் மன்றங்களில் வண்டி வாங்கும் தீர்மானம் வரும்போது உறுப்பினர்கள் கேட்க வேண்டியதை நான் இப்படிச் சொல்வேன். வாங்கப்போகும் வண்டி எந்தெந்தத் தடத்தில் ஓடும், அந்தத் தடங்களில் இன்று திட்டமிட்ட நடைகளில் எத்தனை ஓடுகின்றன, புது வண்டி வந்து ஓராண்டுக்குப் பிறகு எத்தனை ஓடும் என்று நிர்வாகம் எழுத்தில் தர வேண்டும். விழுந்த நடைகளின் எண்ணிக்கையைத் தடவாரியாக மாதந்தோறும் வெளியிட வேண்டும். வண்டிப் பழுதால் விழுந்தவை எவை, ஓட்டுநர் இல்லாததால் விழுந்தவை எவை என்று பிரித்துக் காட்ட வேண்டும். பழைய வண்டிகளை, புதியவை ஒரு குளிர்காலத்தையோ ஒரு கோடையையோ முழுதாகத் தாண்டும் வரை விற்கக் கூடாது. அந்தக் காலத்துக்கு இரண்டையும் வைத்துப் பராமரிக்க ஆகும் செலவைக் கொள்முதல் மதிப்பீட்டிலேயே சேர்த்துக் காட்டட்டும்.