வலியைப் பொறுத்தால்தான் தாயாமே

நேற்றைய அந்த வீடியோவை இதுவரை எட்டுப் பேர் அனுப்பிவிட்டீர்கள். எட்டாவது எங்கள் பெரியம்மா. வீடியோவில் சொல்வது இதுதான்: எக் பிக்கப்பின்போது, அதாவது செயற்கைக் கருத்தரிப்புக்காகச் சினைமுட்டையை வெளியே எடுக்கும்போது, ஃபென்டனில் என்கிற வலி மருந்தைப் போட்டால் முட்டை கெட்டுப்போகுமாம். அமெரிக்காவில் ஆளைக் கொல்கிற போதை மருந்தாம். அரை மணி நேரம் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்கிறவள்தான் தாயாம். பேசியவர் ஆண் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

வலித்தால் மருந்து வேண்டும். அவ்வளவுதான்.

எனக்கு இரண்டு முறை நடந்தது. பத்துப் பன்னிரண்டு நாள் வயிற்றில் ஊசி, அப்புறம் ராத்திரி மணி பார்த்து முட்டையை முதிர வைக்கிற ட்ரிகர் ஊசி, சுமார் 36 மணி நேரம் கழித்து மேசை. நீளமான ஊசி பிறப்புறுப்பின் சுவரைத் துளைத்துச் சினைப்பைக்குள் போய் முட்டை இருக்கிற நீர்ப்பைகளை, ஒவ்வொரு ஃபாலிக்கிளாக உறிஞ்சும். முதல் முறை மருந்து சரியாகப் பிடிக்கவில்லை. ஊசி இடப்பக்கம் திரும்பியதுகூட எனக்குத் தெரிந்தது. "வலிக்குது" என்றேன். "மருந்து ஏத்தியாச்சும்மா, வலிக்காது" என்றார்கள். என் வயிற்றைப் பற்றி எனக்கே தகவல்!

"அப்போ ஃபென்டனில் ஆபத்தே இல்லையா?" என்று வருவீர்கள். யார் சொன்னது? குமட்டும், அரிக்கும், அளவு கூடினால் மூச்சு மந்தமாகும். அதற்குத்தான் விரலில் ஆக்சிஜன் கிளிப்பும் பக்கத்தில் மயக்க மருத்துவரும். மைக்ரோகிராம் கணக்கில் நரம்பில் ஏற்றுவதும் தெருவில் விற்கிற மாத்திரையும் ஒன்றா? வலி குறைக்கும் முறைகளை ஒப்பிட்ட 2018 காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு கர்ப்ப விகிதத்தில் தெளிவான வித்தியாசம் எதையும் காணவில்லை. "அந்தக் காலத்தில் பத்துப் பெறவில்லையா" கோஷ்டிக்கு என்னிடம் பதில் கிடையாது, போய்ப் படுங்கள்.

மருந்தே இல்லாமல் எடுத்தால் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமா? அதுவும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் யேல் பல்கலைக்கழகத்தின் கருத்தரிப்பு மையம், 2020. ஒரு செவிலியர் ஃபென்டனிலைத் திருடிவிட்டுக் குப்பிகளில் உப்புநீரை நிரப்பி வைத்தார். ஜூன் முதல் அக்டோபர் வரை கொடுத்த மருந்தில் சுமார் 75 சதவீதம் கலப்படம். மேசையில் கதறியவர்களுக்கும் அதே பதில்தான்: மருந்து கொடுத்தாச்சு. மாதக்கணக்கில் பெண்கள்மேல் சந்தேகம் வந்ததே தவிர, குப்பிமேல் வரவில்லை. கடைசியில் காட்டிக்கொடுத்தது ஒரு குப்பியின் தளர்ந்த மூடி. அத்தனை பெண்கள் போட்ட சத்தத்தைவிட ஒரு மூடிக்கு மதிப்பு. செவிலியருக்குக் கிடைத்த சிறை நான்கு வார இறுதிகள், அப்புறம் மூன்று மாதம் வீட்டுக்காவல். அவரும் அந்த மருந்துக்கு அடிமைப்பட்டவர்தான், பாவம்தான். சரி. அந்த மேசையில் கிடந்தவர்கள் பாவமில்லையா?

மறுபடியும் சொல்கிறேன், வலிக்குது என்று ஒருத்தி சொன்னால் வலிக்கிறது. அவள் முகத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், மருந்தைப் பாருங்கள்.

இரண்டாம் முறை வேறு இடம். ஒன்றுமே தெரியவில்லை. திரும்பும்போது ஆட்டோவிலேயே வாந்தி, துப்பட்டாவெல்லாம் நாசம். பதினொரு முட்டை. ஒன்றும் தங்கவில்லை. மயக்க மருந்தால்தான் என்று பெரியம்மா இன்றைக்கும் சொல்கிறார். வீடியோவுக்குக் கீழேயும் "அப்பவே சொன்னேன்" என்று எழுதியிருக்கிறார்.

பெரியம்மா, முதல் முறை வலியோடு எடுத்த ஏழும் எங்கே போச்சு?