மீன்கொத்தி அலகும் சார்ட் அட்டை அம்புக்குறியும்

பள்ளி அறிவியல் கண்காட்சி எதற்குப் போனாலும் ஒரு சார்ட் அட்டை கண்ணில் படும். இடது பக்கம் கழுகு, வலது பக்கம் விமானம், நடுவில் ஸ்கெட்ச் பேனாவால் ஓர் அம்புக்குறி. பக்கத்தில் நிற்கும் பிள்ளை "இயற்கையைப் பார்த்து மனிதன் கண்டுபிடித்தவை" என்று மூச்சு விடாமல் ஒப்பிக்கும். "சரி கண்ணு, இறக்கை எப்படி மேலே தூக்குது?" என்று கேட்டால் டீச்சர் முகத்தைப் பார்க்கும்.

அந்த அம்புக்குறிதான் எனக்குப் பிடிக்கவில்லை. பறவையைப் போலவே இறக்கை கட்டி அடித்துக்கொண்டு குதித்தவர்கள் கீழேதான் விழுந்தார்கள். மேலே தூக்க அசையாத இறக்கை, முன்னே தள்ள வேறொரு ஏற்பாடு என்று இரண்டையும் பிரித்து யோசித்தவர் இங்கிலாந்தின் ஜார்ஜ் கெய்லி, அது 1799-இல். நூறு வருஷம் கழித்து ரைட் சகோதரர்கள் மறுபடி பறவையிடம் போனார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது வேறு: காற்றில் கவிழாமல் சமாளிப்பது எப்படி? பறவை இறக்கை நுனியை முறுக்கிச் சமாளிப்பதை வில்பர் கவனித்திருந்தார். ஒருநாள் சைக்கிள் டியூப் வந்த காலி அட்டைப்பெட்டியைக் கையில் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தபோது, அதையே விமான இறக்கையில் செய்யும் வழி பிடிபட்டது. பறவையிடம் எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்பதில்தான் மொத்தக் கதையும் இருக்கிறது. சார்ட் அட்டையில் அதற்குத்தான் இடமில்லை.

ஜப்பான் புல்லட் ரயில் கதையும் அப்படித்தான். "மீன்கொத்தி அலகு மாதிரி ரயில்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். நடந்தது என்ன? வேகமாகச் சுரங்கத்துக்குள் நுழையும் ரயில் உள்ளே இருக்கும் காற்றை அழுத்தும். அந்த அழுத்தம் அலையாக ஓடி, மறுமுனையில் வெடிச்சத்தமாக வெளியே வரும். பக்கத்தில் குடியிருப்பவன் சும்மா இருப்பானா? பொறியாளர் எய்ஜி நகாட்சு பறவை பார்க்கும் பழக்கமுள்ளவர். காற்றிலிருந்து தண்ணீருக்குள், அதாவது லேசான ஒன்றிலிருந்து கெட்டியான ஒன்றுக்குள், அதிகம் தெறிக்காமல் பாய்கிற பறவை எது என்று அவரால் கேட்டுக்கொள்ள முடிந்தது. அதோடு விடவில்லை. பல வடிவத்தில் குண்டுகள் செய்து குழாய்க்குள் செலுத்தி அழுத்தத்தை அளந்து பார்த்தார்கள். 1997-இல் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடத் தொடங்கிய '500 வரிசை' என்ற புல்லட் ரயிலுக்குச் சுமார் 15 மீட்டர் நீள மூக்கு. அந்த நீளத்துக்கு விலையும் உண்டு: முதல் பெட்டியில் ஓட்டுநர் பக்கம் பயணிகள் ஏறும் கதவு வைக்க இடமில்லை, இருக்கைகளும் குறைந்தன. இதையும் சேர்த்துச் சொன்னால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியாதா? நன்றாகவே புரியும். பெரியவர்களுக்குத்தான் "குழப்பிடாதீங்க சார்" என்று பயம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கரையான் கதை. ஜிம்பாப்வேயின் ஹராரேயில் 1996-இல் திறந்த ஈஸ்ட்கேட் கட்டடம் வழக்கமான ஏசி இல்லாமலே உள்ளே சூட்டைச் சமாளிக்கிறது. கட்டடக் கலைஞர் மிக் பியர்ஸுக்கு யோசனை கொடுத்தது கரையான் புற்று. சூடான காற்று மேலே போக, குளிர்ந்த காற்று கீழிருந்து வந்து புற்றின் வெப்பநிலையை ஒரே நிலையில் வைத்திருக்கிறது என்று அப்போது நம்பினார்கள். பிறகு புற்றுகளை ஆராய்ந்தவர்கள், அது அப்படி வேலை செய்யவில்லை, அதன் முக்கிய வேலை வெளிக்காற்றைப் பயன்படுத்தி உள்ளே மூச்சுக்காற்று மாற்றுவதுதான் என்றார்கள். புற்றைப் புரிந்துகொண்டது தப்பு. கட்டடம் நன்றாகவே ஓடுகிறது! இதைவிட நல்ல அறிவியல் வகுப்பு எங்கே கிடைக்கும்?

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? தாமரை இலை கிடைக்காவிட்டால் சேப்பங்கிழங்கு இலை போதும். மேலே கொஞ்சம் சாக்பீஸ் தூள் தூவி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுச் சாய்க்கச் சொல்லுங்கள். சொட்டு முத்தாக உருண்டு, தூளையும் வாரிக்கொண்டு ஓடும். இப்போது அதே இடத்தை விரலால் அழுத்தித் தேய்த்துவிட்டு இன்னொரு சொட்டு விடுங்கள். அது பரவி அங்கேயே நிற்கும். ஏன் என்று பிள்ளை கேட்கும்வரை நாம் வாயைத் திறக்கக் கூடாது; கஷ்டம்தான். கேட்ட பிறகு சொல்லலாம்: கண்ணுக்குத் தெரியாத மேடுகள், அவற்றின் மேல் மெழுகு, சொட்டு மேட்டு நுனியில் மட்டும் உட்கார்ந்திருக்கிறது, அடியில் காற்று. நம் விரல் அந்த மெழுகை நசுக்கிவிட்டது. ஜெர்மனியின் வில்ஹெல்ம் பார்த்லோட் 1970-களில் இலைகளை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோது, வழவழப்பான இலைகளைத் துடைத்துத் துடைத்து வைக்க வேண்டியிருந்தது. சொரசொரப்பானவை தூசியே இல்லாமல் இருந்தன. அந்தச் சின்ன விசித்திரத்தை விடாமல் பிடித்துக்கொண்டார். அழுக்கு ஒட்டாத சுவர் பெயின்ட் கடைக்கு வந்தது 1999-இல்தான்.

சோப்புத் தண்ணீர் விட்டால் என்ன ஆகும், வாழை இலையில் எப்படி, மா இலையில் எப்படி என்று அவர்களே அடுத்து ஆரம்பிப்பார்கள். ஒன்று மட்டும்: சேம்புச் சாறு பட்டால் அரிக்கும். முடிந்ததும் கை கழுவச் சொல்லுங்கள்.