ஜவ்வாது மலையில் பனிப்பாறை இல்லை, ஆனாலும்...

பருவநிலை மாற்றத்தால் இமயமலைப் பனிப்பாறை உருகுவதைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை அருமை. ஆனால் பனிப்பொழிவே இல்லாத எங்கள் ஜவ்வாது மலையையும் ஒரு பத்தி தொட்டிருக்கலாம். வேலூர் மாவட்டம் ஒடுகத்தூர்ல சின்னதாக தானியக் கடை வைத்திருக்கிறேன். மலைமேல் பீஞ்சமந்தை பக்கத்து மலையாளி பழங்குடி மக்கள் கொண்டுவரும் சாமையும் புளியும்தான் எனக்குப் பிழைப்பு.

சாமைக்கு அதிகத் தண்ணீர் வேண்டாம், வறட்சி தாங்கும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். உண்மைதான். அறுத்துப் போர் போட்ட பிறகு நாலு நாள் விடாமல் மழை அடித்தால் என்ன ஆகும் என்று யாரும் எழுதுவதில்லை. ஒருமுறை ஒரு பெரியவர் இறக்கிய மூட்டையை அவிழ்த்துக் கைவிட்டுப் பார்த்தேன். உள்ளே கதகதவென்று சூடு, முக்கல் வாடை, பாதி மணி கறுத்து முளை விட்டிருந்தது. "மாட்டுக்காவது ஆகுமாப்பா?" என்றார். விலை சொல்ல வாய் வரவில்லை.

புளியும் அப்படித்தான். மாசியில் உலுக்கும் நேரத்தில் நனைந்தால் கறுத்துப்போகும், பாதி விலைக்குக்கூட ஆள் வராது.

மழை மொத்தத்தில் குறையவில்லை என்பார்கள். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதை வேலூரே பார்த்தது. ஒரேயடியாகக் கொட்டினால் சரிவு நிலத்தில் மேல்மண் தங்காது, கீழே வந்துவிடும். கொல்லையில் கல்தான் மிச்சம்.

அப்புறம் ஆட்கள் பிழைப்புத் தேடி கேரளாவுக்கோ திருப்பூருக்கோ போகிறார்கள். 2015 ஏப்ரலில் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லிப் போலீஸ் சுட்டுக் கொன்ற 20 பேரில் ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு. அதை மழைக்கணக்கில் எழுத மாட்டேன், வறுமை அதற்கு முன்னாலேயே இருந்தது. ஊருக்கு ஒரு உலர்களமும் தார்ப்பாயும் கொடுத்தாலே பாதி சாமை தப்பிக்கும்.