பெட்டி சுமந்தவர்களை ஏன் மறந்தீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை விவாதத்தில் நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், முழுதும் விவரிக்கப் போவதில்லை. பேச்சு, பிரான்ஸின் பிடியிலிருந்து அல்ஜீரியாவை மீட்கப் போரிட்ட விடுதலை முன்னணியைப் பற்றி வந்தது. "அல்ஜீரிய விடுதலை முன்னணியின் பணத்தைக் காத்தவனே ஒரு நாஜிதான், இடதுசாரியும் பாசிஸ்டும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்" என்றார் ஒருவர். கைதட்டல் விழுந்தது. எதிரே உட்கார்ந்திருந்த நம் தோழர், "அதெல்லாம் சிஐஏ கட்டிவிட்ட கதை" என்று முடித்துக்கொண்டார். இரண்டும் தவறு. இதில் இரண்டாவதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அந்த நாஜி, ஜெனூ, கட்டுக்கதை இல்லை. பிரான்சுவா ஜெனூ, சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்துக்காரர், 1915-ல் பிறந்தவர். ஹிட்லர் மீதான பக்தியைச் சாகும்வரை மறைக்காதவர். கோயபல்ஸ் நாட்குறிப்புகளின் பதிப்புரிமைக்காக நீதிமன்றம் ஏறி இறங்கியவர். 1958-ல் ஜெனீவாவில் அரபு வணிக வங்கி தொடங்கப்பட்டபோது அதன் பின்னால் இருந்தவர். விடுதலைக்குப் பின் முன்னணியின் பொருளாளர் முகமது கிதர் இயக்கத்தின் கருவூலத்தைக் கொண்டுபோய் வைத்தது அந்த வங்கியில்தான். இவ்வளவும் உண்மை. இதை மறுப்பவர் நம் பக்கத்துக்கு நன்மை செய்யவில்லை.

சரி, அந்தப் பணம் யாருடையது? கைதட்டியவர்களில் ஒருவராவது கேட்டாரா? பாரிஸிலும் லியோனிலும் கார் தொழிற்சாலையிலும் கட்டட வேலையிலும் உடம்பை ஒடித்துக்கொண்ட அல்ஜீரியத் தொழிலாளிகள் மாதாமாதம் கட்டிய சந்தா அது. பேட்டை பேட்டையாக வசூலித்து, நோட்டுக்கட்டுகளாக்கி, பெட்டியில் அடுக்கி, எல்லை கடத்தி சுவிஸ் வங்கிக்குக் கொண்டுபோக வேண்டும். அல்ஜீரிய முகத்தோடு ஒருவர் பெட்டி தூக்கினால் முதல் சோதனையிலேயே மாட்டுவார். அதனால் பிரெஞ்சுக்காரர்கள் தூக்கினார்கள். 1957-லிருந்து ஃபிரான்சிஸ் ஜான்சன் என்ற தத்துவ எழுத்தாளரின் வலைப்பின்னல் அதைச் செய்தது. 1960 பிப்ரவரியில் அது பிடிபட்டதும் ஆன்ரி கியூரியல் பொறுப்பெடுத்தார். கெய்ரோவில் பிறந்த யூதர், கம்யூனிஸ்ட். அதே ஆண்டு அக்டோபரில் அவரும் சிறைக்குப் போனார். 1978 மே 4 அன்று பாரிஸில் தான் குடியிருந்த கட்டடத்திலேயே சுட்டுக்கொல்லப்பட்டார்.

போர் நடந்த காலத்தில் பெட்டி சுமந்தது யூதக் கம்யூனிஸ்ட். போர் முடிந்து நிரம்பிய கஜானா போய்ச் சேர்ந்தது நாஜி பக்தரின் வங்கிக்கு. முதல் வரியை அழித்துவிட்டு இரண்டாம் வரியை மட்டும் படித்துக் காட்டினால் அதற்குப் பெயர் வரலாறா? யார் கொடுத்தார், யார் வாங்கினார், எப்போது கைமாறியது? இதைச் சொல்லாமல் "கூட்டு" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அன்றைய ஐரோப்பியப் பாசிஸ்டுகளில் பெரும்பாலோர் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதையும் அந்த மேடையில் யாரும் சொல்லவில்லை. அவர்கள் ஓஏஎஸ் பக்கம் நின்றார்கள். அல்ஜீரியா பிரான்ஸை விட்டுப் போகக் கூடாது என்று குண்டு வைத்த அந்த ரகசியப் படை 1961-ல் மாட்ரிடில், ஸ்பெயின் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் நிழலில் உருவானது. பெல்ஜியத்தின் ஜான் தீரியார், போரில் நாஜிகளோடு ஒத்துழைத்ததற்காகச் சிறை சென்றவர், முதலில் பெல்ஜிய காங்கோவைக் காக்கக் கிளம்பினார், அடுத்து ஓஏஎஸ்ஸுக்குத் தோள் கொடுத்தார். காலனிகள் கைவிட்டுப் போன பிறகுதான் அவருக்கு மாவோவும் மூன்றாம் உலகமும் இனித்தன. ஜெனூ விதிவிலக்கு. விதிவிலக்கைக் காட்டி விதி என்று சாதிக்கிறார்கள்.

"பணத்தை அவனிடம் வைத்ததே தப்பில்லையா?" என்று கேட்பீர்கள். தப்புதான். அதற்கான விலையையும் கொடுத்தார்கள். 1964-ல் கிதர் அல்ஜீரிய அதிபர் பென் பெல்லாவோடு முறித்துக்கொண்டு, பணத்தைத் தர மாட்டேன் என்றார். ஜெனூ அல்ஜீரியாவில் கைதானார். கிதரை 1967 ஜனவரியில் மாட்ரிடில் சுட்டுக்கொன்றார்கள். தொழிலாளியின் சந்தாப் பணத்துக்காகப் புதிய நாடு ஆண்டுக்கணக்கில் சுவிஸ் நீதிமன்றங்களில் நின்றது. ஏழை நாட்டின் பணம் எதிரியின் பெட்டகத்தில் பூட்டிக் கிடந்தது என்பதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

அடுத்த குழப்பம் இத்தாலி. அன்றைக்கு அதையும் இதோடு சேர்த்துக் கட்டினார்கள். அங்கே நடந்தது ஊடுருவல். 1968 ஏப்ரலில் இத்தாலிய நவபாசிச மாணவர்கள் ராணுவத் தளபதிகள் ஆண்ட கிரேக்கத்துக்குப் போய்வந்தார்கள். அவர்களில் ஒருவரான மரியோ மெர்லினோ திரும்பி வந்ததும் அராஜகவாதி, அதாவது அரசே வேண்டாம் என்னும் இடதுசாரி, ஆகிவிட்டார். ரோமில் "மார்ச் 22" என்ற சிறு குழுவில் சேர்ந்து கூட்டங்களில் உட்கார்ந்தார். 1969 டிசம்பர் 12 அன்று மிலானில் ஃபொன்டானா சதுக்கத்து வேளாண்மை வங்கியில் குண்டு வெடித்தது. 17 பேர் இறந்தார்கள். போலீஸ் நேரே அராஜகவாதிகளைத்தான் அள்ளியது. மார்ச் 22 குழுவின் வல்பிரேதா சிறைக்குப் போனார். ரயில்வே தொழிலாளி பினெல்லி மூன்றாம் நாள் இரவு போலீஸ் தலைமையகத்தின் நான்காம் மாடி ஜன்னலிலிருந்து விழுந்து செத்தார். 2005-ல் இத்தாலியின் உச்ச நீதிமன்றம் குண்டு வைத்தது நவபாசிஸ்டுகள்தான் என்றது. ஃப்ரேதா, வென்தூரா என்ற இரு நவபாசிஸ்டுகளின் பெயர்களையும் சொன்னது. ஆனால் இருவரும் முன்பே விடுதலையாகிவிட்டதால் மறுபடி விசாரிக்க வழியில்லை.

லிஸ்பனிலும் இதே வேலைதான். ஓஏஎஸ்ஸிலிருந்து வந்த கெரான்-செராக் 1966-ல் அஜின்டர் பிரஸ் என்ற செய்தி நிறுவனத்தைத் திறந்தார். வெளியே செய்தி, உள்ளே கொலைப்பயிற்சி. அவருடைய ஆட்கள் மாவோ ஆதரவுப் பத்திரிகையாளர் வேஷத்தில் ஆப்பிரிக்க விடுதலை இயக்கங்களுக்குள் நுழைந்தார்கள். 1974-ல் போர்ச்சுகல் சர்வாதிகாரம் கவிழ்ந்த பிறகு அங்கிருந்த கோப்புகள் சிக்கின. இதையும் "இடதுசாரிகளோடு கூட்டு" என்று எழுதினால், வீடு புகுந்தவனை விருந்தாளி என்று எழுதுவது போலத்தான்.

இவ்வளவு சொல்லியும் நம் தோழர்கள் சிலர் உள்பெட்டியில், "இப்போது இதெல்லாம் எதற்கு, எதிரிக்கு எடுத்துக் கொடுக்கிறீர்கள்" என்று வருத்தப்பட்டிருக்கிறார்கள். எதிரி ஏற்கனவே எடுத்துவிட்டான் தோழர். அதைக் கைதட்டல் வாங்கப் பயன்படுத்துகிறான். நாம் முழுக்கதையைச் சொல்லாததால்தான் அரைக்கதை ஓடுகிறது.

முழுக்கதையில் நமக்குக் கசப்பான பக்கங்கள் உண்டு. 1972 பிப்ரவரியில் டெல்லியிலிருந்து ஏதென்ஸ் போன லுஃப்தான்சா ஜம்போ விமானத்தை பாலஸ்தீனப் போராளித் தலைவர் வாடி ஹதாத்தின் ஆட்கள் ஏடனுக்குக் கடத்தினார்கள். மேற்கு ஜெர்மனி 50 லட்சம் டாலர் கொடுத்தது. பணம் கேட்டுப் போன கடிதத்தில் தன் பங்கு இருந்ததை, பின்னாளில் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதியவரிடம் ஜெனூவே ஒப்புக்கொண்டார். இங்கே ஊடுருவலும் இல்லை, ஏமாற்றும் இல்லை. தெரிந்தே சேர்ந்தார்கள்.

ஜெனூ பதிலுக்கு என்ன பெற்றார்? 1987-ல் லியோனில் நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டாபோவின் அதிகாரி கிளாஸ் பார்பியின் வழக்கு நடந்தது. இசியூ கிராமத்து விடுதியிலிருந்து 44 யூதக் குழந்தைகளை மரணமுகாமுக்கு அனுப்பியவன். அவனுக்காக வாதாடியவர் ஜாக் வெர்ஜஸ், ஒரு காலத்தில் அல்ஜீரியப் போராளி ஜமீலா பூஹிரெட்டுக்காக வாதாடிய அதே வெர்ஜஸ். பணத்துக்கு ஜெனூ துணை. வெர்ஜஸின் இரு பக்கமும் காங்கோ வழக்கறிஞர் ஒருவர், அல்ஜீரிய வழக்கறிஞர் ஒருவர். காலனிகளில் பிரான்ஸ் செய்ததைச் சொல்லி, இவனை விசாரிக்கப் பிரான்ஸுக்கு என்ன தகுதி என்று கேட்டார்கள். அல்ஜீரியாவின் செதீஃபில் 1945 மே மாதம் பிரெஞ்சுக்காரர்கள் கொன்றவர்களை பார்பிக்குக் கேடயமாகப் பிடித்தார்கள். நாஜிக்கு இதைவிடப் பெரிய வட்டி என்ன வேண்டும்? பிரான்ஸின் குற்றம் குற்றம்தான், ஆயிரம் முறை சொல்வேன். அதை அந்தக் கூண்டில் வைத்துச் சொன்னதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கடைசியாக, மேற்கு ஜெர்மனியின் எர்லாங்கன் நகரம். "எதிரிக்கு எதிரி நண்பன்" என்று நேற்றும் ஒருவர் பின்னூட்டம் போட்டிருக்கிறார், அவருக்காக. 1980 ஜனவரியில் மேற்கு ஜெர்மனி ஹோஃப்மான் என்பவரின் நவநாஜிப் படைக்குழுவைத் தடை செய்தது. அவர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு லெபனானில் பாலஸ்தீன இயக்கமான ஃபத்தாவின் முகாமுக்குப் போனார். பாலஸ்தீனர்களுக்குக் கிடைத்தது பழைய ராணுவ லாரிகள். ஹோஃப்மான் ஆட்களுக்குக் கிடைத்தது தங்க இடமும் ஆயுதப் பயிற்சியும். அந்த முகாமில் தங்கள் ஆள் ஒருவனையே சித்திரவதை செய்தார்கள். 1980 டிசம்பர் 19 அன்று எர்லாங்கனில் யூதப் பதிப்பாளர் ஷ்லோமோ லெவினும் அவர் துணைவி ஃப்ரீடா போஷ்கேயும் வீட்டில் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அங்கே கிடந்த கறுப்புக் கண்ணாடி ஹோஃப்மானோடு வாழ்ந்த பெண்ணுடையது. அப்படியும் போலீஸ் மாதக்கணக்கில் லெவினின் சொந்த வட்டாரத்தைத்தான் குடைந்தது. சுட்ட ஊவே பெஹ்ரென்ட் தப்பி ஓடிய இடம் லெபனான்.

லாரிக்கு ஈடாக இதை ஏற்பீர்களா? ஏற்பேன் என்பவர் என் நட்புப் பட்டியலில் இருக்க வேண்டாம். ஞாயிறு பேசியவரின் ஆதரவாளர்களுக்கும் இதேதான்: கியூரியலின் பெயரைச் சொல்லாமல் ஜெனூவின் பெயரை இங்கே எழுதாதீர்கள். யார், எந்த ஆண்டு, என்ன கைமாறியது, இந்த மூன்றும் இல்லாத பின்னூட்டங்களை இன்று இரவு நீக்கிவிடுவேன்.