மானுக்கு முன்னால் அணில்

போன வாரம் எங்கள் பகுதியில் இருக்கும் தமிழ்த் தம்பி ஒருவர் போன் செய்தார். வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்து லைசென்ஸும் வாங்கிவிட்டாராம். "அண்ணா, மான் சீசனுக்கு எந்த ரைஃபிள் வாங்கலாம்?" என்று ஆசையாகக் கேட்டார். "பாயின்ட் 22 ஒண்ணு வாங்குங்க. இந்த வருஷம் அணிலுக்குப் போங்க" என்றேன். பாயின்ட் 22 என்பது சின்னத் தோட்டா போடும், சின்ன விலங்குகளுக்கான ரைஃபிள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் "சரிண்ணா" என்று வைத்துவிட்டார். மனம் வாடிவிட்டது என்று குரலிலேயே தெரிந்தது. அன்று போனில் அரைகுறையாகச் சொன்னதை முழுசாகச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

நான் இருக்கும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மான் சீசன், அதாவது மான் வேட்டைக்கு அனுமதியுள்ள காலம், கிட்டத்தட்டத் திருவிழா. நவம்பர் நான்காவது வியாழனில் வரும் நன்றி நவிலல் நாள் (Thanksgiving) முடிந்த சனிக்கிழமை துப்பாக்கி சீசன் தொடங்குகிறது. 2018 வரை அது திங்கட்கிழமை தொடங்கியது, பல ஊர்களில் அன்றைக்குப் பள்ளிக்கூடமே கிடையாது. பெட்ரோல் பங்கில், டீக்கடை மாதிரி இருக்கும் சின்ன உணவகங்களில், அலுவலகத்தில் என எங்கே போனாலும் மான் பேச்சுதான். யார் எத்தனை கிளைக் கொம்பு அடித்தார்கள் என்பதுதான் கேள்வி. இதையெல்லாம் பார்க்கும் புதியவருக்கு நேராக மானிடமே போய்விடலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் நான் அப்படித்தான் போனேன்.

அந்த முதல் சீசனில் நடந்ததை இதுவரை வீட்டுக்கு வெளியே நான்கைந்து பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன்.

கொம்பில்லாத மானுக்கான தனி லைசென்ஸும் கையில் இருந்தது. மாலை நாலரை மணி, வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. ஒரு பெண் மான் சரிவில் நடந்து போனது. நூற்றைம்பது கஜம் இருக்கும். அது நிற்கும் வரை காத்திருக்கப் பொறுமையில்லை. விசையை இழுத்தேன். மான் முதுகை வளைத்துக் குனிந்து, ஒரு துள்ளு துள்ளிப் புதருக்குள் போய்விட்டது. உடனே எழுந்து ஓடினேன். அது நின்ற இடத்தில் ரத்தம் அதிகமில்லை. நீளமான வெள்ளை மயிர் கொஞ்சம், பச்சை கலந்த கசிவு, கூடவே ஒரு நாற்றம். எனக்கு அது எதுவும் புரியவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். இரண்டு இடத்தில் அது படுத்து எழுந்திருந்தது. நான் நெருங்க நெருங்க அது எழுந்து ஓடியிருக்கிறது.

வயிற்றில் குண்டு பட்ட மான் அது. அப்படிப் பட்டால் ஆறு மணி நேரமாவது, முடிந்தால் இன்னும் அதிகமாகவே, விட்டுவிட வேண்டும். விட்டால் பக்கத்திலேயே படுத்து அங்கேயே உயிர் விடும். துரத்தினால் மைல் கணக்கில் போகும். வெள்ளை மயிர் என்றால் அடிவயிறு. இளஞ்சிவப்பாக நுரைத்த ரத்தம் என்றால் நுரையீரல், அரை மணி பொறுத்துப் போனால் போதும். கருஞ்சிவப்பு என்றால் ஈரலாக இருக்கலாம், இன்னும் பல மணி நேரம் பொறுக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிந்தது. வகுப்பிலும் சொல்லித்தான் இருப்பார்கள். என் காதில் ஏறவில்லை.

ரத்தத் தடம் அடுத்தவர் நிலத்துக்குள் போய் மறைந்தது. அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்கக் கூடாது. காலையில் அவர் வீட்டுக் கதவைத் தட்டி, நடந்ததைச் சொல்லி, அவருடனே சேர்ந்து தேடினேன். மதியத்துக்கு மேல் ஓடையோரம் கிடைத்தது. பின்தொடையை நரி மாதிரியான கொயோட்டிகள் தின்றிருந்தன. மிச்ச இறைச்சி கெட்டுப்போயிருந்தது. மானின் காதில் லைசென்ஸோடு வந்த அடையாளச் சீட்டைக் கட்டும்போது என் கை நடுங்கியது. ஒரு உயிர் ராத்திரி முழுக்க வலியோடு ஓடியிருக்கிறது, நான் பத்து விநாடி பொறுக்காததால். இறைச்சி வீணானதைவிட இதுதான் இன்றைக்கும் என்னைக் குடைகிறது.

எனக்கு வேட்டை சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நடந்ததை அவரிடம் சொன்னேன். "மான் நின்னுச்சா, நடந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். நடந்தது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அடுத்த செப்டம்பரில் ஒரு நாள் காலையில், தன்னுடைய பழைய பாயின்ட் 22 ரைஃபிளையும் பத்துத் தோட்டாக்களையும் கொண்டுவந்து கையில் கொடுத்தார். "அணிலுக்குப் போ. தலையில மட்டும் சுடு. தலை தெரியலைன்னா சுடாதே. இந்த வருஷம் மான் வேண்டாம்" என்றார்.

எனக்கு அப்போது கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது. தம்பி போனில் மௌனமானபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

சாம்பல் அணிலின் தலை பெரிய நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். இருபத்தைந்து கஜ தூரத்தில் அது ஒரு நொடி கூட நிலையாக இருக்காது. மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடமோ சாப்பாட்டுத் தட்டு அளவு. நெல்லிக்காய்க்காகக் காத்திருந்து பழகியவர் தட்டை அவசரப்பட்டுச் சுடமாட்டார். அதோடு இன்னொன்று. பாயின்ட் 22 தோட்டா சின்னது என்று அலட்சியம் கூடாது, ஒரு மைலுக்கு மேல் போகும். கிளையில், வானத்தைப் பின்னணியாகக் கொண்டு உட்கார்ந்திருக்கும் அணிலைச் சுடவே கூடாது. அது அடிமரத்தில் ஒட்டும் வரை காத்திருக்க வேண்டும். பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு விசையைத் தொடும் பழக்கம் எனக்கு இப்படித்தான் வந்தது.

காட்டைப் படிக்கச் சொல்லிக்கொடுத்ததும் அணில்தான். செப்டம்பரில் ஹிக்கரி என்ற கொட்டை மரத்தடியில் போய் உட்காருங்கள். விடிந்து பத்து நிமிஷத்தில் தூறல் விழுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். மழை இல்லை. மேலே அணில் கொட்டையைக் கொறிக்க, ஓட்டுத் துணுக்குகள் இலைமேல் விழுகிற சத்தம். ஒரு அணிலைச் சுட்டதும் எழுந்து போய் எடுக்க வேண்டும் என்று உடம்பு துடிக்கும். எழக்கூடாது. விழுந்த இடத்தைக் கண்ணால் குறித்துக்கொண்டு அப்படியே இருந்தால், கால் மணி நேரத்தில் காடு நம்மை மறந்துவிடும், அடுத்தது இறங்கி வரும். சுட்ட பின்னும் அசையாமல் இருப்பது எப்படி என்று எனக்கு எந்த வகுப்பிலும் வரவில்லை. அங்கே வந்தது. எந்த ஓக் மரம் இந்த வருஷம் காய்த்திருக்கிறது, எது பொய்த்திருக்கிறது என்று அணில் பின்னால் அலைந்தால் தெரிந்துவிடும். நவம்பரில் மானும் அதே மரத்தடிக்குத்தான் வரும்.

மானை ஒரு சீசனில் ஒன்றோ இரண்டோதான் எடுப்போம், பல வருஷம் அதுவும் இல்லை. அணிலில் ஒரு நாள் வரம்பு ஆறு, காட்டு முயலில் நான்கு. திரும்பத் திரும்பச் செய்வதில்தான் கை பழகுகிறது. தோல் உரிப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். வாலின் அடியில் எலும்பையும் சேர்த்து அறுத்து, முதுகுத் தோலோடு சேர்ந்து இருக்கும்படி விட்டு, வாலைக் காலால் மிதித்துக்கொண்டு பின்னங்கால்களைப் பிடித்து மேலே இழுத்தால் சட்டை கழற்றுகிற மாதிரி வந்துவிடும். சூடு ஆறுவதற்குள் செய்ய வேண்டும், ஆறினால் தோல் ஒட்டிக்கொள்ளும். முன்னங்கால் அக்குளில் இருக்கும் சின்னச் சுரப்பிகளை எடுத்துவிட்டால் கவிச்சி இருக்காது. முதல் அணிலுக்கு எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. இப்போது இரண்டு நிமிஷம். மானின் குடலைக் கிழிக்காமல் வெளியே எடுக்கும் தைரியம் இந்தச் சின்ன உடம்புகளில்தான் வந்தது.

சமைப்பதைச் சொல்லாவிட்டால் இந்தப் பதிவு முடியாது. இளசு என்றால் நேராகச் சட்டியில் போடலாம். முற்றல் என்றால் குக்கரில் நான்கைந்து விசில். அப்புறம் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, நிறைய மிளகு போட்டுச் சுக்கா. ஹிக்கரிக் கொட்டை தின்று வளர்ந்த அணிலுக்கு ஒரு தனி ருசி உண்டு, நாட்டுக்கோழி சாப்பிட்டவர்களுக்கு உடனே பிடிபடும்.

அம்மாவுக்குத்தான் இது இன்னும் ஒப்பவில்லை. "ஏண்டா, ராமர் தடவிக்கொடுத்த அணிலையா சுடுற?" என்று முதல் வருஷம் போனிலேயே அழுதுவிட்டார். இங்கே இருக்கும் அணிலுக்கு முதுகில் கோடு இல்லை என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் அது பதில் இல்லை என்று எனக்கே தெரியும். நான் அம்மாவிடம் சொன்னது இதுதான்: கறி சாப்பிடுகிறவன் நான், அந்த உயிர் எப்படிப் போனது என்று கண்ணால் பார்த்துத்தான் சாப்பிட விரும்புகிறேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. நானும் அவரை மாற்ற முயலவில்லை. சைவமாக இருக்கிறவர்கள் என்மேல் கோபப்பட்டால் எனக்குப் புரிகிறது. பிளாஸ்டிக் தட்டில் கோழித்தொடை வாங்கிக்கொண்டே "பாவம் இல்லையா?" என்று கேட்கிறவர்களிடம்தான் உட்கார்ந்து பேச வேண்டும் போல இருக்கிறது.

ஊரில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டு யாரும் கையில் கவணோடு கிளம்பிவிடாதீர்கள். நம் நாட்டில் 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சரியான சட்டம் என்பதே என் கருத்து. விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் ஒரு முயலைக்கூடத் தொடமாட்டேன். இங்கே நிலைமை வேறு. 1900 வாக்கில் பென்சில்வேனியாவில் மான் ஏறக்குறைய அழிந்தே போயிருந்தது. 1895-ல் வேட்டைக்கென்று தனி ஆணையம் அமைத்து, சீசன் வகுத்து, வேறு மாநிலங்களிலிருந்து மான் வாங்கிவந்து விட்டார்கள். ஆனால் மானைத் தின்னும் ஓநாயும் மலைச்சிங்கமும் (பூமா) இந்தக் காடுகளில் இப்போது இல்லை. மான் பெருகினால் ஓக் கன்று எதுவும் தலைதூக்காது, அவ்வளவையும் மேய்ந்துவிடும். காட்டுக்குள் மானின் வாய் எட்டும் உயரம் வரை பச்சையே இல்லாத இடங்களை நான் பார்த்திருக்கிறேன். காரில் அடிபட்டுச் சாலையோரம் கிடக்கும் மான்களை இங்கே இருக்கிற எல்லோருமே பார்த்திருப்பார்கள். 1937-ன் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி போய், வனவிலங்குகளுக்கென்றே மாநிலங்களுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. காட்டு மான்கறியை விற்க முடியாது. தானம் தரலாம். 1991-லிருந்து இந்த மாநிலத்தில் வேட்டைக்காரர்கள் கொடுக்கும் மான்கறி, பசித்தவர்களுக்கு உணவு தரும் மையங்களுக்குப் போகிறது. ஒன்றுக்கு மேல் கிடைக்கும் வருஷங்களில் நானும் ஒன்றை அப்படிக் கொடுத்துவிடுவேன்.

இன்னும் இரண்டு விஷயம் என்னை உறுத்துகிறது. அறுநூறு கஜத்திலிருந்து மானைச் சுடும் வீடியோக்கள் இப்போது நிறைய வருகின்றன. தோட்டா போய்ச் சேருவதற்குள் மான் ஒரு அடி எடுத்து வைத்தால் போதும், நான் செய்ததுதான் நடக்கும். அந்தத் தவறிய மான்களை யாரும் வீடியோவில் காட்டுவதில்லை. இரண்டாவது, ஈயத் தோட்டா. மானுக்குள் பட்டதும் அது பொடிப்பொடியாகச் சிதறும். காட்டில் விட்டுவரும் குடலைத் தின்னும் வெண்தலைக் கழுகுக்கு அது விஷம். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயமே கூடாது. இங்கே அப்படிச் சட்டம் இல்லை, இருந்தாலும் நான் மானுக்குச் செம்புத் தோட்டாவுக்கு மாறிவிட்டேன். விலை கொஞ்சம் கூட. என் பிள்ளைகளும் அந்தக் கறியைத்தானே சாப்பிடுகிறார்கள்.

முயலைக் கொன்ற அம்பைவிட யானையைத் தப்பவிட்ட வேல் மேல் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் நாம். போர்க்களத்துக்கு அது பொருந்தும். காட்டில், தப்பவிட்ட வேல் யானையின் விலாவில் குத்தி நிற்கிறதே, அதை யார் பிடுங்குவது?

அந்த அணில் வருஷம் முடிந்து அடுத்த நவம்பரில் பெரியவரே என்னை மானுக்குக் கூட்டிக்கொண்டு போனார். காலையில் ஒரு கொம்பு மான் வந்தது. அறுபது கஜம்தான். ஒரு மரத்துக்குப் பின்னால் பாதி உடம்பு மறைந்திருந்தது. ஸ்கோப்பில் அதன் மூக்கிலிருந்து வரும் ஆவி கூடத் தெரிந்தது. நான்கு நிமிஷம் நின்றிருக்கும். முன்னால் வரவே இல்லை, வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. துப்பாக்கியைக் கீழே வைத்தபோது பெரியவர் என் தோளைத் தட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் போய் மூன்று வருஷமாகிறது. அந்தப் பழைய ரைஃபிளை அவருடைய மகள் எனக்கே கொடுத்துவிட்டார்.

தம்பி, இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு என் வீட்டுக்கு வாருங்கள். என் மகளும் வருகிறாள், அவளுக்குப் பதின்மூன்று வயது, இது அவளுக்கு இரண்டாவது அணில் சீசன். மற்ற வேட்டைக்காரர்கள் கண்ணில் படுவதற்கான ஆரஞ்சுத் தொப்பியும் மேல்சட்டையும் என்னிடம் கூடுதலாக இருக்கின்றன. பேண்ட்டைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், இந்தப் பக்கம் உண்ணி அதிகம், அது கடித்து வரும் லைம் காய்ச்சலும் அதிகம். மதியம் சாப்பாடு எங்கள் வீட்டில்.