வீட்டு வரி ரசீது இல்லாத குற்றம்

பட்டாசு வெடித்த அந்தக் காணொளியைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்றுதான் மூன்று நாட்களாக இருந்தேன். நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் தப்பித்தவர்களுக்கும் குறைந்தது நான்கு பேராவது அனுப்பியிருப்பார்கள். பெயில் கிடைத்து ஓர் இளைஞன் சிறை வாசலிலிருந்து வெளியே வருகிறான், தெருப் பையன்கள் சரவெடி கொளுத்துகிறார்கள், ஒருவன் ஓடிப் போய் மாலை போடுகிறான். அது அசிங்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை என் பக்கத்தில் கொண்டுவந்து ஒட்டி, "பெயில் கொடுத்த நீதிபதியை முதலில் உள்ளே போட வேண்டும், வக்காலத்து வாங்கும் உங்களைப் போன்றவர்களை அடுத்து" என்று என் நெடுநாள் நண்பர் ஒருவர் எழுதியதையும், அதற்கு என் உறவினர்களே இதயக் குறி போட்டு மகிழ்ந்ததையும் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

பெயில், அதாவது பிணை என்பது விடுதலை அல்ல. வழக்கு அப்படியே இருக்கிறது, வாய்தா இருக்கிறது, தீர்ப்பு இனிமேல்தான் வரப்போகிறது. அதுவரை அவனைச் சிறைக்குள் வைத்திருக்கத் தேவையில்லை என்று நீதிமன்றம் நினைக்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் 'பெயிலில் வந்துவிட்டான்' என்று யாராவது சொன்னால் 'தப்பித்துவிட்டான்' என்றுதான் நம் காதில் விழுகிறது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்துப் பாருங்கள். இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கு பேரில் மூன்று பேரை எந்த நீதிமன்றமும் இன்னும் குற்றவாளி என்று சொல்லவில்லை. நாட்டிலுள்ள எல்லாச் சிறைகளையும் சேர்த்தாலும் இடம் 4,36,266 பேருக்குத்தான் இருந்தது. அதாவது தீர்ப்பே வராதவர்களைக் கொண்டு சிறைகள் ஏறக்குறைய நிரம்பிவிட்டன; தண்டனை பெற்றவர்கள் அந்த நெரிசலில் இடம் தேடிப் படுத்தார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக விசாரணைக் கைதியாகவே இருந்தவர்கள் 11,000 பேருக்கும் அதிகம். விசாரணைக் கைதிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்புகளைச் சேர்ந்தவர்கள். இதைச் சொன்னவுடன் "சாதியை இழுக்காதீர்கள்" என்று வருவீர்கள். நான் இழுக்கவில்லை, அரசாங்கத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது.

அமெரிக்காவில் லட்சம் பேருக்கு ஐநூறு பேருக்கும் மேல் சிறையில் இருக்கிறார்கள், நம் நாட்டில் நாற்பது பேர்தான், ஆகவே நாம் இரக்கம் மிகுந்தவர்கள் என்று ஒரு தம்பி கணக்கோடு வந்தார். அமெரிக்கா அந்த விஷயத்தில் யாருக்கும் முன்மாதிரி அல்ல என்பது அந்த நாட்டுக்காரர்களே சொல்வது. ஆனால் அங்கே உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் தண்டனை பெற்ற பிறகு இருப்பவர்கள். இங்கே பெரும்பாலோர் வாய்தாவுக்குக் காத்திருப்பவர்கள். பக்கத்து வீட்டில் கூரை எரிகிறது என்பதற்காக நம் வீட்டு ஒழுகலைப் பற்றிப் பேசக் கூடாதா?

இதை நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. பிணைதான் விதி, சிறை விதிவிலக்கு என்று உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1977இலேயே சொல்லிவிட்டார். அடுத்த ஆண்டு அவர் முன்னால் வந்தது மத்தியப் பிரதேசத்து மேஸ்திரி ஒருவரின் வழக்கு. அவரைப் பிணையில் விடும்படி உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டிருந்தது. கீழ் நீதிமன்றம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டது. அண்ணன் தம்பி முறையில் ஒருவர் முன்வந்தபோது, அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று திருப்பி அனுப்பியது. ஒரு கூலிக்காரனிடம் இவ்வளவு கேட்டால் அவன் எங்கே போவான் என்று கிருஷ்ணய்யர் கோபப்பட்டு, 1,000 ரூபாய்க்கு அவருடைய சொந்தக் கையெழுத்தே போதும் என்று விடுவித்தார். 1979இல் பீகார் சிறைகளின் வழக்கு வந்தது. குற்றம் நிரூபிக்கப்பட்டால் கிடைக்கக்கூடிய அதிகபட்சத் தண்டனையைவிட அதிகக் காலம் விசாரணைக் கைதியாகவே கிடந்தவர்கள் அங்கே இருந்தார்கள். அதெல்லாம் அந்தக் காலம் என்பீர்கள். சரி, இந்தக் காலத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டுக்கு வெள்ளையடித்த பையனை நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு இருசக்கர வாகனத் திருட்டு வழக்கில் பிடித்துக்கொண்டு போனார்கள். அவனுடைய அம்மா எங்கள் தெருவில் வீடு வீடாக இட்லி மாவுப் பாக்கெட் போடுபவர். பதினைந்தாவது நாளே நீதிமன்றம் பிணை கொடுத்துவிட்டது. நன்றாகக் கவனியுங்கள், கொடுத்துவிட்டது. ஆனால் இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும். ஆளுக்கு ஓர் ஆதார் நகல், புகைப்படம், சொந்த வீடு இருப்பதற்கு அடையாளமாக வீட்டு வரி ரசீது. ஒருவர் அவனுடைய மாமா என்று ஏற்பாடாகிவிட்டது. இன்னொருவருக்காக அந்த அம்மா மாவுப் பாத்திரத்தை வாசற்படியில் இறக்கி வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "சார், நீங்க ஒரு தடவை கோர்ட்டுக்கு வந்து நின்னா போதுமாம் சார்." நான் உடனே சரி என்று சொல்லவில்லை. ரசீதை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை, தேடிப் பார்க்கிறேன் என்று சொன்னேன். வீட்டுக்குள் வந்தவுடன் "நமக்கு எதற்கு இந்த வம்பு" என்றார் என் மனைவி. அவர்மீது பழி போடுவதற்காகச் சொல்லவில்லை. அவர் சொல்லியிருக்காவிட்டால் நானே சொல்லியிருப்பேன்.

பத்தொன்பது நாட்கள் ரசீதைத் தேடினேன். அத்தனை நாளும் அந்த அம்மா வழக்கம்போல மாவு கொண்டுவந்தார், ரசீதைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருபதாவது நாள் வெட்கம் தாங்காமல் போனேன். நடுவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "இவரை எத்தனை வருஷமாகத் தெரியும்?" என்று கேட்டார். "ஆறு வருஷமாகத் தெரியும் ஐயா, எங்கள் வீட்டுக்கு இரண்டு தடவை பெயின்ட் அடித்திருக்கிறான்" என்றேன். கையெழுத்துப் போட்டேன். எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

உத்தரவு சிறைக்குப் போய்ச் சேர்வதற்குள் மாலை அடைப்பு முடிந்துவிட்டதால் மறுநாள் காலைதான் விட்டார்கள். கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் அவன் வெளியே வந்தான். விரல் இடுக்கெல்லாம் சொறி. கைது செய்த அன்று அரைஞாண் கயிற்றை அறுத்து எடுத்திருந்தார்களாம். அந்த அம்மா மஞ்சப் பையிலிருந்து புதுக் கயிறு ஒன்றை எடுத்து, அந்தச் சாலை ஓரத்திலேயே, இருபத்து நான்கு வயது மகனுக்குக் குழந்தைக்குக் கட்டுவதைப் போலக் கட்டிவிட்டார். பட்டாசு வெடிக்கவில்லை. காணொளி எடுக்கவும் அங்கே ஆள் இல்லை.

அவன் திருடியிருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பீர்கள். திருடியிருக்கலாம். எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, தெரிந்துகொள்வதற்காகத்தான் நீதிமன்றம் என்ற ஒன்றை வைத்திருக்கிறோம். அவன்மீது போட்ட பிரிவில் அதிகபட்சத் தண்டனையே மூன்று ஆண்டுகள். வழக்கு இப்போது நான்காம் ஆண்டில் நடக்கிறது. ஏழு ஆண்டுகள் வரை தண்டனை உள்ள குற்றங்களில் கண்ணை மூடிக்கொண்டு கைது செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொல்லியிருக்கிறது. பத்து லட்சம் மக்களுக்கு ஐம்பது நீதிபதிகளாவது வேண்டும் என்று சட்ட ஆணையம் 1987இல் சொன்னது. அதில் பாதியைக்கூட இன்னும் எட்டவில்லை. அழைத்துப் போக வழிக்காவலர் இல்லை என்று கைதியை நீதிமன்றத்துக்குக் கொண்டுவராமலே வாய்தா தள்ளிப்போவது சாதாரணமாக நடக்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு, இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தைச் சிறையில் கழித்துவிட்டால் பிணையில் விட வேண்டும் என்கிறது. ஆயுள், மரண தண்டனைக் குற்றங்களுக்கு அது பொருந்தாது, ஆகையால் பதறாதீர்கள். பழைய வழக்குகளுக்கும் அது பொருந்தும் என்று அந்த ஆகஸ்டிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. பிணைத்தொகை கட்ட முடியாத ஏழைகளுக்கு 40,000 ரூபாய் வரை உதவ ஒன்றிய அரசு 2023இல் ஒரு திட்டமே அறிவித்தது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. அந்த அம்மாவிடம் இதில் ஒன்றையும் யாரும் சொல்லவில்லை.

"பாதிக்கப்பட்டவர் வீட்டு வாசலில் போய் நின்று இதைச் சொல்லுங்கள்" என்கிறார் இன்னொருவர். நானே அந்த வாசல்தான். 2017இல் என் மனைவியின் சங்கிலியைப் பறித்துக்கொண்டு போனார்கள். கழுத்தில் இழுத்த தடம் ஆறு மாதம் இருந்தது. ஒருவனைப் பிடித்து உள்ளே வைத்தார்கள், எங்களுக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சங்கிலி வரவில்லை, வழக்கும் முடியவில்லை, அவன்தான் பறித்தானா என்பதே இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அவன் உள்ளே இருந்ததை நியாயம் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நாங்களும் கேட்பதை நிறுத்திவிட்டோம். காவல் துறைக்கும் அதுதானே வசதி?

சாட்சியைக் கலைத்துவிடுவார்கள் என்ற கவலையும் எழுதப்பட்டிருக்கிறது. கலைக்கக்கூடியவருக்குப் பிணையை மறுக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது, மறுக்கட்டும். சாட்சியைக் கலைக்கப் பணமும் ஆளும் வேண்டும்; அவை இருப்பவருக்கு ஜாமீன்தாரர் கிடைக்காத நாளை நான் பார்த்ததில்லை.

பிறகு மாவுக்கட்டு ரசிகர்கள். கழிவறையில் வழுக்கி விழுந்து வலது கையும் இடது காலும் ஒருசேர உடைந்தவனின் படத்தைப் போட்டு, சிரிப்புக் குறி இட்டு, 'தரமான சம்பவம்' என்று எழுதுபவர்கள். தமிழ்நாட்டுக் காவல் நிலையக் கழிவறைகளை மட்டும் யார்தான் இப்படி வழுக்கும்படி கட்டினார்களோ தெரியவில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் அடிபட்டுத் தந்தையும் மகனும் இறந்தபோது இதே நண்பர்கள் கறுப்புப் படம் வைத்தார்கள். அந்த இருவரையும் அடித்த பிறகு கிளைச் சிறைக்கு அனுப்பியது நீதிமன்றத்தின் ஒரு ரிமாண்ட் உத்தரவுதான் என்பதை எவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டோம்!

வழக்கமான பிணைகூட வேண்டாம் என்று நாம் 1982இலேயே ஒரு சட்டம் செய்துவைத்திருக்கிறோம், குண்டர் சட்டம் என்று செல்லமாக அழைப்போமே, அதுதான். மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ கையெழுத்துப் போட்டால் தீர்ப்பே இல்லாமல் பன்னிரண்டு மாதங்கள் வரை உள்ளே. கள்ளச்சாராயம் காய்ச்சுபவரில் தொடங்கி, 2004இல் திருட்டு வீடியோ விற்பவர் வரை அதில் இடம் பிடித்தார்கள். தடுப்புக் காவலில் வைப்பதில் நாட்டின் முதலிடம் பல ஆண்டுகளாக நமக்குத்தான். அந்த உத்தரவுகளை உயர் நீதிமன்றம், முறையற்ற காவலை எதிர்த்துப் போடும் ஆட்கொணர்வு மனுக்களில் அடுக்கடுக்காக ரத்து செய்கிறது. ரத்தாகி வருவதற்குள் ஆறேழு மாதங்கள் ஓடிவிடுகின்றன. அந்த மாதங்களை யார் திருப்பித் தருவார்கள்? இரண்டு கழகங்களும் மாறி மாறி ஆண்டும் இதில் மட்டும் ஒருவருக்கொருவர் எந்தக் குறையும் காணவில்லை.

கடைசியாக, என் நண்பருக்கு. உங்கள் பெயரை நான் எழுதப் போவதில்லை. இதைப் படிக்கும்போது உங்களுக்கே தெரியும். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு ஓர் இரவு பதினொன்றரை மணிக்கு நீங்கள் தொலைபேசியில் அழைத்தீர்கள். உங்கள் மகன் ஓட்டிய கார் மோதி, சைக்கிளில் போன ஒரு பெரியவர் இறந்துபோயிருந்தார். கவனக்குறைவால் மரணம் விளைவிப்பது பிணையில் விடக்கூடிய குற்றம். வாகனத் திருட்டு பிணையில் விடக்கூடாத குற்றம். சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. அன்று வரி ரசீது எனக்கு இரண்டே நிமிடத்தில் பீரோவின் மேல் தட்டிலேயே கிடைத்தது. ஜெராக்ஸ் கடை மூடியிருந்ததால் அசலையே எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். காவல் நிலையத்தில் நாற்காலி போட்டார்கள், டீ வந்தது, விடிவதற்குள் உங்கள் மகன் வீட்டுக்கு வந்துவிட்டான். அவன் நல்ல பையன். அதை இப்போதும் சொல்வேன். அவனை உள்ளே வைத்திருக்க வேண்டும் என்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. ஆனால் அந்தப் பெரியவரின் வீட்டில் யாராவது அன்று "பெயில் கொடுத்தவனை உள்ளே போடு" என்று கத்தியிருந்தால் நீங்களும் நானும் எங்கே போய் முகத்தை வைத்திருப்போம்?

நட்பை முறித்துக்கொள்ளவெல்லாம் எழுதவில்லை. நீங்கள் முறித்துக்கொண்டால் அது உங்கள் விருப்பம்.

வெள்ளையடிக்கும் பையனுக்கு வரும் வியாழக்கிழமை மறுபடி வாய்தா. கடந்த மூன்று வாய்தாக்களுக்கும் புகார் கொடுத்தவர் வரவில்லை; இவன் ஒருமுறை வராவிட்டால் பிடிவாரண்ட். எங்கள் மதில் சுவருக்குக் காலை ஆறு மணிக்கே பிரைமர் அடித்து முடித்துவிட்டு, பத்து மணிக்குள் நீதிமன்றம் போய்விடுவதாகச் சொல்லியிருக்கிறான். இந்த ஆண்டு வரியைக் கட்டிவிட்டேன். ரசீதில் இரண்டு நகல் எடுத்துத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.